சமுதாயக் கல்லூரியில் நெட்வொர்க்கிங் படிப்பு: முப்பத்தாறு வயதில் தொடங்கலாமா?

கும்பகோணத்துக்காரி (ஜூலை 11)

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரில் இயற்பியலில் இளங்கலை முடித்து, இரண்டு ஆண்டுகள் பள்ளியில் பாடம் எடுத்தேன். திருமணமாகி எச்-4 விசாவில் (இங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கானது) இங்கே வந்ததோடு அதுவும் நின்றுபோனது. மகள் இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். பள்ளி நாட்களில் காலையில் அவளை விட்டுவிட்டு வந்தால் மதியம் இரண்டரை வரை வீட்டில் நானும் கடிகாரமும்தான்.

போன மாதம் வீட்டில் இணையம் திடீரென்று மெதுவாகிவிட்டது. பழுது பார்க்க வந்த இளைஞர் மடிக்கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஆயிரம் வர வேண்டிய இடத்தில் நூறுதான் வருகிறது" என்றார். கேபிளின் முனையை வெட்டி, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளையும் விரலால் நீவி நேராக்கி, புதிய முனையைப் போட்டு அழுத்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு ஜோடிகளில் ஒன்று ஒடிந்திருந்ததாம். நூறு மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும், அதனால்தான் இணைப்பு முழுவதும் அறுந்துபோகாமல் வேகம் மட்டும் குறைந்தது என்று விளக்கினார். நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இதைப் படிக்கலாமே" என்றார். அவர் படித்தது எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில், அதாவது இரண்டு ஆண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரியில்.

அன்றிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை. கல்லூரியின் பட்டியலைப் பார்த்தேன். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலைகளைப் பற்றிய "நெட்வொர்க்குகள் ஓர் அறிமுகம்", 4 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்), செவ்வாயும் வியாழனும் மாலையில், ஆகஸ்ட் கடைசியில் தொடக்கம். கணவர் படி என்கிறார். ஆனால் உறவினர் ஒருவர், "இங்கே மாஸ்டர்ஸ் படித்தால் மரியாதை, அது வயர் இழுக்கிற வேலைக்கான படிப்பு" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இந்தப் படிப்பை உண்மையிலேயே படித்தவர்கள், இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பதினைந்து ஆண்டுகளாகப் புத்தகம் தொடாத ஒருத்தியால் முடியுமா?

அடையாறு72

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 4 யூனிட் என்றால் 184 டாலர், மேலே சில்லறைக் கட்டணங்கள். வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று கணக்கிட்டால் இது பல மடங்காகிவிடும். ஆகவே விண்ணப்பிக்கும்போது குடியிருப்புத் தகுதி பற்றிய பகுதியை அவசரப்படாமல் நிரப்புங்கள். எச்-4இல் இருப்பவர் படிப்பதற்குத் தனியாக மாணவர் விசா வாங்க வேண்டியதில்லை. ஓராண்டும் ஒரு நாளும் மாநிலத்தில் இருந்ததற்கும், இங்கேயே குடியிருக்கும் எண்ணத்துக்கும் சான்று காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். என் மனைவிக்கு இணைய விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவறாகக் குறித்ததால் முதலில் வெளிநாட்டவர் கட்டணம் விதித்துவிட்டார்கள். நேரில் போய்த்தான் சரிசெய்தோம்.

வைகைக்கரை

சகோதரி, நான் வேறு கருத்துச் சொல்லப் போகிறேன், தவறாக எண்ண வேண்டாம். கல்லூரி எதற்கு? சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கு 300 டாலர், இரண்டு மணி நேரம். அந்தப் பாடத்திட்டம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் காணொளியாக இருக்கிறது. திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருளைச் சிஸ்கோ இலவசமாகவே கொடுக்கிறது. அதில் நூறு ரவுட்டர் (ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குச் செய்தியை அனுப்பும் கருவி) வைத்துக்கூடப் பழகலாம். கல்லூரியில் இதே பாடத்தை மூன்று பகுதியாக்கி மூன்று பருவங்களுக்கு இழுப்பார்கள். ஒன்றரை ஆண்டு. நான் வேலை பார்த்துக்கொண்டே நான்கு மாதத்தில் வீட்டிலிருந்து படித்துத் தேறினேன். முதலாளி கேட்பது சான்றிதழை. எந்த வகுப்பறையில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாவது_ஷிப்ட்

கும்பகோணத்துக்காரி, நானும் உங்கள் நிலையில் இருந்து வந்தவள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓக்லாந்து பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன், அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. இன்று ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க் குழுவில் இரவுப் பணியில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வைகைக்கரை சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அவர் ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்த்துக்கொண்டு படித்தவர். அவர் அலுவலகத்தில் கருவிகளை அடுக்கி வைத்த ரேக் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டும் கல்லூரி ஆய்வகத்தில்தான் கிடைக்கும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாவது வாரம். எங்கள் ஆசிரியர் மேசைக்கு மூன்று சிறிய ஸ்விட்ச்களை (பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகள்) கொடுத்தார், கடையில் விற்கும் சாதாரண வகை, உள்ளே எந்த அமைப்பும் செய்ய முடியாதது. "மூன்றையும் முக்கோணமாக இணையுங்கள். ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொரு வழி இருக்கும், நல்லதுதானே" என்றார். எங்களுக்கும் நல்லதாகத்தான் பட்டது. மூன்றாவது கேபிளைச் சொருகிய சில நொடிகளில் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னத் தொடங்கின. அதுவரை ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்த பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சோதனைச் செய்தி, நின்றது. பக்கத்து மேசையிலும் அதே கதை. யாரும் எதையும் அனுப்பவில்லை, ஆனால் வலை முழுவதும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆசிரியர் எதுவும் பேசாமல் வந்து ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினார். விளக்குகள் அமைதியாகிவிட்டன.

பிறகுதான் விளக்கினார். வலைகளுக்கு இடையே செய்தியைச் சுமந்து செல்லும் ஐ.பி. பொட்டலத்துக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், சுழியானால் தூக்கி எறியப்படும். ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கேபிளில் சுமக்கும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி ஒரு எண்ணிக்கையே இல்லை. "எல்லோருக்கும்" என்று அனுப்பப்பட்ட ஒரு சட்டகம் வட்டத்தில் மாட்டினால், ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அதைப் பிரதியெடுத்து எல்லாப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். சாகாது. அடுத்து அந்தச் சிறிய ஸ்விட்ச்களை எடுத்துவிட்டு அமைப்புச் செய்யக்கூடிய சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் மூன்றை அதே முக்கோணமாக இணைக்கச் சொன்னார். இணைத்தோம். விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் நின்றன. "முப்பது வரை எண்ணுங்கள்" என்றார். ஸ்விட்ச் மற்ற ஸ்விட்ச்களைக் கேட்பதற்குப் பதினைந்து நொடி, எந்தக் கணினி எந்தப் பக்கம் என்று கற்பதற்குப் பதினைந்து நொடி. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின, ஒன்று மட்டும் ஆரஞ்சிலேயே நின்றுவிட்டது. அதுதான், வட்டம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ தானாக அடைத்து வைத்த பாதை. ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் உருவாக்கிய முறை. இன்றைக்கும் ஸ்விட்ச்களில் வேறு வேறு வடிவங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை அன்று ஆசிரியர் பலகையில் எழுதியபோது வகுப்பில் இருந்த பெண்கள் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இந்தப் பாடத்தைக் காணொளியில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து, வேலையில், ஒரு மாடி முழுவதும் இணைப்பு விழுந்தபோது நான் அந்த அறைக்குள் நுழைந்து ஸ்விட்ச்சைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன். அதே தாளம். யாரோ மேசைக்கடியில் தொங்கிய கேபிளின் இரு முனைகளையும் ஒரே சிறிய ஸ்விட்ச்சில் சொருகியிருந்தார்கள். என் கண்ணுக்கு அது பழக்கப்பட்ட காட்சி.

சேருங்கள். தயங்காதீர்கள்.

ஸ்காபரோவாசி

வணக்கம் தங்கை. நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவிலும் கல்லூரிகள் இதே நோக்கத்தோடுதான் தொடங்கப்பட்டன. மாகாணத்தின் முதலாவது சமுதாயக் கல்லூரியான சென்டெனியல் 1966இல் எங்கள் ஸ்காபரோவில்தான் திறக்கப்பட்டது. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் பகலில் தொழிற்சாலை, இரவில் வகுப்பு என்று இப்படியான கல்லூரிகளில் படித்துத்தான் நிமிர்ந்தார்கள்.

"வயர் இழுக்கிற வேலை" என்று உங்கள் உறவினர் சொன்னாரல்லவா, அந்த வேலையை நான் பதினொரு வருடம் செய்தேன். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் ஒரு பாடசாலைக் கட்டடம். கூரைப் பலகையைத் தள்ளிவிட்டு ஏணியில் நின்றபடி கேபிள் இழுக்க வேண்டும். மின்விளக்குக்கு மிக அருகில் போகக்கூடாது, கூர்மையாக மடிக்கக்கூடாது, கட்டும்போது இறுக்கிக் கட்டக்கூடாது. சுவருக்குள் 90 மீற்றர், இரு பக்கமும் சேர்த்து வெளிக் கம்பிகளுக்கு 10 மீற்றர், மொத்தம் 100. முனை போடும்போது முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கக்கூடாது. ஏன் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு ஜோடியில் போகும் சமிக்ஞை பக்கத்து ஜோடியில் கலக்காமல் இருப்பதற்குத்தான் அந்த முறுக்கே. ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கின் அளவு வேறு வேறாக இருக்கும், கேபிளை உரித்துப் பாருங்கள், தெரியும்.

எனக்கு முந்தி வேலை செய்த ஒப்பந்தக்காரர் ஓர் அறைக்கு 130 மீற்றர் இழுத்துவிட்டுப் போயிருந்தார். விளக்கு எரியும், இணைப்பு வரும், ஆனால் ஏதாவது பெரிய கோப்பை அனுப்பினால் தடுமாறும். ஆசிரியர்கள் இரண்டு வருடமாகக் கணினியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளக்கும் கருவியை வைத்த அன்றுதான் உண்மை வெளியே வந்தது. இணையம் எங்கோ ஆகாயத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இணையம் என்பது கூரைக்கு மேலே நான் இழுத்த நீலக் கேபிள்.

ஒரு வேலை செய்யுங்கள். வகுப்புக்கு முதலே நிற வரிசையை மனப்பாடம் பண்ணுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். டி568பி என்பார்கள். நீலமும் பச்சையும் மாறி நிற்பதுதான் முதலில் எல்லோரையும் தடுமாற வைக்கும். கையை அவசரப்படுத்தாதீர்கள். என் முதல் இருபது முனைகளில் ஏழு பிழை. வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யலாம், ஒரு முனை சில சதம்தான்.

கும்பகோணத்துக்காரி (ஜூலை 13)

எல்லோருக்கும் நன்றி. ஸ்காபரோ அண்ணா, நீங்கள் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். நேற்று ஒரு பழைய கேபிளை உரித்துப் பார்த்தோம், முறுக்கு உண்மையிலேயே வேறு வேறாக இருக்கிறது. மகள் எண்ணிச் சொன்னாள்.

குடியிருப்புத் தகுதிக்கு ஆவணங்களைச் சேர்த்துவிட்டேன். இனி ஒரு பயம்தான். பாடநூலைப் புரட்டினேன். சப்நெட்டிங் என்ற அத்தியாயத்தில் 255.255.255.192 என்றெல்லாம் வருகிறது. மூன்று முறை படித்தும் ஏறவில்லை. இயற்பியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

மாலை_வகுப்பு_ஆசிரியர்

அம்மா, வணக்கம். டெக்ஸாஸில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பகுதிநேரமாக இந்தப் பாடத்தைத்தான் எடுக்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த அத்தியாயத்தில்தான் காணாமல் போவார்கள். இரும எண்களை முதல் பக்கத்திலேயே கொட்டுவதால் வரும் வினை அது. நம் ஊர் வழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்களிடம் 256 மனைகள் கொண்ட ஒரு நிலம் இருக்கிறது. மனை என்பது முகவரி, அதில் கட்டும் வீடு ஒரு கணினி. எண்கள் 0 முதல் 255 வரை. நிலத்தின் பெயர் 192.168.10. இதைத் தெருக்களாகப் பிரிக்க வேண்டும். விதி ஒன்று: தெருவின் அளவு 4, 8, 16, 32, 64, 128 என்று இரட்டிப்பாகத்தான் இருக்கலாம். விதி இரண்டு: ஒவ்வொரு தெருவிலும் முதல் மனையில் தெருவின் பெயர்ப்பலகை நிற்கும், கடைசி மனையில் தெரு முழுவதற்கும் செய்தி சொல்லும் ஒலிபெருக்கி நிற்கும், இரண்டிலும் வீடு கட்ட முடியாது. அவ்வளவுதான்.

ஓர் அலுவலகத்தில் நான்கு பிரிவுகள். ஒன்றுக்கு 50 கணினி, ஒன்றுக்கு 20, ஒன்றுக்கு 10, இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் பாதைக்கு 2. பெரியதை முதலில் வெட்டுங்கள். 50க்கு 64 மனைத் தெரு: 0 முதல் 63 வரை. 20க்கு 32: 64 முதல் 95. 10க்கு 16: 96 முதல் 111. 2க்கு 4: 112 முதல் 115. மீதி 140 மனை சும்மா கிடக்கிறது, நாளைக்கு உதவும்.

இப்போது நீங்கள் பார்த்த 255.255.255.192இன் கடைசியில் வரும் அந்த 192. 256இலிருந்து தெருவின் அளவைக் கழியுங்கள். 256 கழித்தல் 64, 192. 32 மனைத் தெருவுக்கு 224. 16க்கு 240. 4க்கு 252. மாஸ்க் என்று மிரட்டுவது இதைத்தான். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணும் இதே செய்திதான்: /26 என்றால் 64, /27 என்றால் 32, ஒன்று கூடக் கூடத் தெரு பாதியாகும்.

இரும எண்ணை நான் இரண்டாவது வாரம்தான் தொடுவேன். அப்போது மாணவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும், ஏன் அப்படி என்பது மட்டும் புரிய வேண்டியிருக்கும். ஒரு கணக்குத் தருகிறேன், இன்றிரவு போடுங்கள். 172.16.5.77 என்ற வீடு, /27. எந்தத் தெரு, பெயர்ப்பலகை எங்கே, ஒலிபெருக்கி எங்கே, வீடு கட்டக்கூடிய மனைகள் எவை?

கும்பகோணத்துக்காரி

ஐயா! 32, 64, 96. 77 என்பது 64க்கும் 96க்கும் நடுவில். பெயர்ப்பலகை 64, ஒலிபெருக்கி 95, வீடுகள் 65 முதல் 94 வரை முப்பது. மாஸ்க் 224. சரிதானா?

மாலை_வகுப்பு_ஆசிரியர்

முழு மதிப்பெண். தினமும் ஐந்து கணக்கு, இரண்டு வாரம். பிறகு காகிதம் தேவைப்படாது.

பாளையங்கோட்டை

இடையில் ஒரு செய்தி. "சமுதாயக் கல்லூரி" என்றால் நம் ஊரில் பலரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குத் தையலும் கணினியும் கற்றுத் தரும் இடம் என்றே நினைப்பார்கள். 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியபோது, மேற்படிப்பு எட்டாதவர்களுக்குக் கைத்தொழிலும் வேலையும் என்பதே அவற்றின் நோக்கம், அது மிக நல்ல நோக்கம். அமெரிக்காவில் கதை நீளமானது. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் ஒரு பள்ளியின் நீட்சியாகத் தொடங்கியது. இன்று அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேர்கிறார்கள். உங்கள் உறவினரின் மனத்தில் இருக்கும் படம் வேறு என்று எண்ணுகிறேன். அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் ஒன்று: தொழில் சார்ந்த யூனிட்கள் எல்லாமே பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படுவதில்லை. பின்னால் பட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் "அசிஸ்ட்" இணையதளத்தில் எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை

மூன்றாவது_ஷிப்ட் எழுதியதைப் படித்தேன். ஆய்வகம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். என் அலுவலகத்து ரேக்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை, உண்மைதான்.

ஆனாலும் வேலைச் சந்தையைப் பற்றி யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் சர்வர்களைக் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்கு மாற்றிவிட்டன. நூறு ஸ்விட்ச்களை ஒரே திரையிலிருந்து கட்டுப்படுத்துகிறார்கள். சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்திலேயே பத்து விழுக்காடு தானியங்கி முறைகளுக்கும் நிரலுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். சான்றிதழ் வாங்கியவுடன் "நெட்வொர்க் பொறியாளர்" என்று யாரும் நாற்காலி போட்டுத் தரமாட்டார்கள். இதையும் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

மூன்றாவது_ஷிப்ட்

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். முதல் வேலை உதவி மையமாக இருக்கும், அல்லது கேபிள் வேலை, அல்லது இரவெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு மையம். நான் உதவி மையத்தில் ஒன்றேகால் ஆண்டு இருந்தேன். கடவுச்சொல் மறந்தவர்களும் அச்சு எந்திரம் ஓடாதவர்களும்தான் அழைப்பார்கள். ஆனால் அங்கேதான் கோபத்தோடு பேசுபவரிடமிருந்து உண்மையான அறிகுறியை எப்படிக் கேட்டு வாங்குவது என்று கற்றேன்.

அடிப்படை மாறவில்லை என்பதற்குப் போன மாதத்து நிகழ்வு ஒன்று. வெளிநோயாளிப் பிரிவில் காலையில் நான்கு கணினிகளுக்கு இணைப்பு இல்லை. அவற்றின் அருகில் இருந்தவை நன்றாக ஓடின. கேபிளை மாற்றினார்கள், கணினியை அணைத்துப் போட்டார்கள், பயனில்லை. தொலைபேசியில் முகவரியைப் படிக்கச் சொன்னேன். 169.254 என்று தொடங்கியது. அந்தத் தொடக்கத்தைக் கேட்டதுமே பாதி வேலை முடிந்தது. முகவரி தரும் டி.எச்.சி.பி. சர்வரைக் கேட்டுப் பதில் வராதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அப்படியானால் சர்வர் இறந்துவிட்டதா, அல்லது கொடுக்க ஒன்றும் இல்லையா? பார்த்தேன். 254 முகவரிகளும் தீர்ந்துபோயிருந்தன. அந்தப் பிரிவின் வைஃபையையும் யாரோ அதே தெருவில் சேர்த்திருந்தார்கள். நோயாளியோடு வருபவர் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், அவருடைய கைப்பேசி வாங்கிய முகவரி எட்டு நாளைக்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. குத்தகைக் காலத்தை எட்டு நாளிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைத்தேன். வந்தவர்களுக்கென்று தனித் தெரு பிறகு போட்டோம்.

கிளவுடு வந்தாலும் அந்த நான்கு கணினிகளும் முகவரி வாங்கித்தான் ஆக வேண்டும். அங்கே மருந்துச் சீட்டு அச்சாக வேண்டும்.

அடையாறு72

ஒரு எச்சரிக்கை. கல்லூரிகளில் ஆய்வக உதவியாளர் வேலைக்குச் சம்பளம் உண்டு, நல்ல அனுபவம். ஆனால் எச்-4இல் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை சம்பளத்துக்கு எதையும் ஏற்கக்கூடாது. 2015 முதல் எச்-4 துணைவர்களில் ஒரு பிரிவினருக்கு அனுமதி கிடைக்கிறது. கணவரின் ஐ-140 (நிரந்தரக் குடியிருப்புக்காக முதலாளி போடும் மனு) ஏற்கப்பட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாக்காரர்களுக்கு இருக்கும் பயிற்சிப் பணி வசதிகளை எச்-4க்கும் உண்டு என்று சிலர் தவறாகச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கும்பகோணத்துக்காரி (ஜூலை 16)

ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டது, அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். இன்று காலை வகுப்பில் பெயர் பதிந்துவிட்டேன். மாநிலவாசிக் கட்டணம்.

கும்பகோணத்துக்காரி (டிசம்பர் 14)

ஐந்து மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்பி வந்திருக்கிறேன். பருவம் நேற்றோடு முடிந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பகலில் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு வியட்நாமிய அம்மா. அவரும் நானும் ஒரே மேசை. முதல் மாதம் இருவருக்கும் ஆங்கிலம் தொண்டையில் நின்றது. கம்பி நிறங்களைச் சேர்ந்து சொல்லிச் சொல்லித்தான் பேசத் தொடங்கினோம்.

கடைசி வாரம் செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கணினி, ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அமைப்பில் ஆசிரியர் ஏதோ ஒன்றைக் கெடுத்து வைத்திருப்பார். நாற்பது நிமிடம். எங்கள் மேசையில் முதல் கணினி 192.168.10.10, இரண்டாவது 192.168.10.70. இரண்டும் வேறு தெரு, 64 மனைத் தெருக்கள். முதலாவதிலிருந்து ரவுட்டருக்குப் பிங் போகிறது. இரண்டாவதற்குப் போகவில்லை. ரவுட்டரின் இரு பக்கமும் பார்த்தேன், சரி. ஸ்விட்ச் சரி. கேபிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. கை வியர்த்தது.

அப்போது கேபிளில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தேன். முதல் கணினி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது: "192.168.10.70 யார்? 192.168.10.70 யார்?" பதில் இல்லை. ஏன் இது தன் தெருவிலேயே நின்று கூவுகிறது, அடுத்த தெருக்காரரைத் தேட ரவுட்டரிடம் அல்லவா போக வேண்டும் என்று தோன்றியது. உடனே மாஸ்க்கைப் பார்த்தேன். 192 இருக்க வேண்டிய இடத்தில் 0. 256 மனையும் தன் தெருதான் என்று அந்தக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. எழுபதாவது வீடு பக்கத்து வீடு என்று நினைத்து அங்கேயே கத்திக்கொண்டிருந்தது. ஒரே எண்ணை மாற்றினேன், பதில் வந்தது. இப்படிப்பட்ட பிழையை ரவுட்டர் தானே முன்வந்து மறைத்துவிடும் ஒரு வசதி இருக்கிறதாம். அதை முன்பே அணைத்து வைத்திருந்ததாக ஆசிரியர் பிறகு சொன்னார்.

மாலை_வகுப்பு_ஆசிரியர் ஐயா, உங்கள் மனைக் கணக்கு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியிருக்காது. பக்கத்து இருக்கை அம்மாவுக்கும் அதை அப்படியேதான் சொல்லிக் கொடுத்தேன், தெருவும் ஒலிபெருக்கியும் வியட்நாமிலும் உண்டாம்.

பாடத்தில் ஏ வந்திருக்கிறது. வேலை அனுமதி அட்டையும் போன வாரம் வந்துவிட்டது. இங்கே ஒரு பள்ளி மாவட்டத்தில் உதவி மைய வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. ஆறு ஆண்டு இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மாலை_வகுப்பு_ஆசிரியர்

இதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும், அம்மா.

வைகைக்கரை

சகோதரி, மனமார வாழ்த்துகிறேன். இரண்டாவது பாடத்தோடு சேர்த்து சி.சி.என்.ஏ.வுக்கும் இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி வழியாகப் படிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டணச் சலுகை கிடைக்க வாய்ப்புண்டு, ஆசிரியரிடம் கேளுங்கள். பயிற்சிக் கேள்விகள் என்னிடம் நிறைய இருக்கின்றன, தருகிறேன்.

மூன்றாவது_ஷிப்ட்

இடைவெளியை மறைக்க வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். அதற்குக் கீழே அந்த மாஸ்க் கதையை மூன்று வரியில் எழுதுங்கள்: அறிகுறி என்ன, எதையெல்லாம் பார்த்து விலக்கினீர்கள், எங்கே கண்டுபிடித்தீர்கள். பள்ளியில் பாடம் எடுத்த இரண்டு ஆண்டையும் கட்டாயம் போடுங்கள். அவர்களுடைய ஊழியர்கள் எல்லோரும் ஆசிரியர்கள்தானே, அவர்களோடு பேசத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். எழுதி எனக்கு அனுப்புங்கள். செவ்வாயும் புதனும் எனக்கு விடுப்பு, உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.

கும்பகோணத்துக்காரி

இன்றிரவே எழுதுகிறேன், அக்கா. ஐயா, தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். இரண்டாவது பாடத்துக்கும் பெயர் பதிந்துவிட்டேன், ஜனவரி கடைசியில் தொடக்கம். அந்த அம்மாவும் சேர்கிறார், அதே மேசை கேட்டிருக்கிறோம்.